கேபாபென்டின்: ஒஹையோவில் சாதாரண மருந்து, கென்டக்கியில் ஷெட்யூல் 5. எப்படி?

ஆற்றங்கரையான்

எல்லோருக்கும் வணக்கம். சின்சினாட்டியிலிருந்து ஆற்றுக்கு அந்தக் கரைக்கு, கென்டக்கியின் ஃப்ளோரன்ஸுக்கு வீடு மாறியிருக்கிறோம். அம்மா எங்களோடு இருக்கிறார். சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்கு டாக்டர் கேபாபென்டின் கொடுத்திருக்கிறார். ஒஹையோவில் இருந்தவரை ஒரே சீட்டில் வருஷம் முழுக்க ரீஃபில் வாங்கினோம். இங்கே கடையில் அடையாள அட்டை கேட்டார்கள், சீட்டு ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்றார்கள், "இது கன்ட்ரோல்டு" என்று வேறு சொன்னார்கள். அம்மா பயந்துபோய், "ஏண்டா, எனக்குப் போதை மருந்தா கொடுக்கிறாங்க?" என்கிறார். ஃபெடரல் பட்டியலைத் தேடிப் பார்த்தேன், கேபாபென்டின் அதில் இல்லை. கடைக்காரர் தப்பாகச் சொல்கிறாரா?

மருந்துக்கடை_மீனா

தப்பில்லை அண்ணா, அவர் சொன்னது சரிதான். நான் டென்னசியில் ஃபார்மசிஸ்ட், எங்களுக்கும் இதே கதை. ஃபெடரல் பட்டியலில் இல்லை என்பதும் உண்மை, கென்டக்கியில் ஷெட்யூல் 5 என்பதும் உண்மை.

கட்டுப்பாட்டில் வைக்கும் மருந்துகளை ஐந்து ஷெட்யூலாக, அதாவது ஐந்து வரிசையாகப் பிரிப்பது 1970-ல் நிக்ஸன் கையெழுத்திட்ட ஃபெடரல் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்குப் பக்கத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு சட்டமும் ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது. ஃபெடரல் அரசு கண்டுகொள்ளாத மருந்தையும் மாநிலம் தன் பட்டியலில் சேர்க்கலாம். கேபாபென்டினை முதலில் சேர்த்தது கென்டக்கிதான், 2017 ஜூலை 1 முதல். பின்னாலேயே டென்னசி, மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா, அலபாமா, மிச்சிகன் எல்லாம் வந்தன. மிச்சிகன் 2024-ல் மனம் மாறி எடுத்துவிட்டது.

ஏன் சேர்த்தார்கள்? இந்தப் பக்கம் ஓபியாய்டு (அபின் வகை வலிமருந்து, போதைப்பொருள்) சாவுகள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஓபியாய்டோடு கேபாபென்டினையும் சேர்த்துப் போட்டால் கிறக்கம் கூடும், கூடவே மூச்சும் அடங்கும். செத்தவர்களின் ரத்தத்தில் இது அடிக்கடி தென்பட ஆரம்பித்தது. ஷெட்யூலில் போட்டால்தான் எழுதிக்கொடுக்கிறவருக்கு டிஇஏ என்கிற ஃபெடரல் போதைமருந்துத் துறையின் பதிவு எண் வேண்டும், ஒவ்வொரு விற்பனையும் காஸ்பர் என்கிற கென்டக்கியின் கண்காணிப்புக் கணினியில் ஏறும், ஆறு மாதத்தில் ஐந்து ரீஃபிலுக்கு மேல் போகாது. என் பார்வையில் மாநிலம் கேட்டது தண்டனையை அல்ல, கணக்கை.

ஒஹையோ அதே கணக்கை வேறு வழியில் வாங்கிக்கொண்டது. அங்கே ஷெட்யூலில் சேர்க்கவில்லை, ஆனால் 2016 டிசம்பர் முதல் கேபாபென்டின் விற்பனையைக் கடைகள் மாநிலக் கணினிக்குத் தெரிவிக்கவேண்டும். அதாவது அம்மாவின் மாத்திரை அங்கேயும் பதிவானது, கவுன்டரில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லுங்கள், மருந்து அதே மருந்து. இதன் சொந்தக்கார மருந்தான ப்ரீகாபாலின் 2005 முதல் ஃபெடரல் ஷெட்யூல் 5-லேயே இருக்கிறது, அதைச் சாப்பிடும் பாட்டிகளும் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

தஞ்சாவூரான்

ஒரு நாட்டுக்கு எதற்கு 50 பட்டியல்? நம்மூரில் 1985-ல் வந்த என்டிபிஎஸ் என்கிற போதைப்பொருள் சட்டம் ஒன்றுதான், நாடு முழுக்க ஒரே பட்டியல். தமிழ்நாடு தனியாக ஒரு மருந்தை அதில் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அப்புறம் இந்த எண்களும் எனக்குப் புரிந்தமாதிரி இருக்கிறது, சின்ன எண் என்றால் ஆபத்து அதிகம், அவ்வளவுதானே?

கோர்ட்டுவாசல்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இரண்டாவதை மீனா பார்த்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவில் போலீஸ், நீதிமன்றம், சிறை எல்லாம் பெரும்பாலும் மாநிலத்துக்குரியவை. கையில் கொஞ்சம் போதைப்பொருள் வைத்திருந்தான் என்று பிடிபடுகிறவன் அநேகமாக மாநிலச் சட்டத்தின் கீழ்தான் நிற்பான். ஆளுக்கொரு விதமாக எழுதிவிடக்கூடாது என்று 1970-லேயே ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்து மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலான மாநிலச் சட்டங்களின் எலும்புக்கூடு அதுதான். அதில் ஒரு சாமர்த்தியமான பிரிவு உண்டு: ஃபெடரல் அரசு ஒரு பொருளைச் சேர்த்தாலோ இடம் மாற்றினாலோ, மாநில அமைப்பு 30 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் மாநிலப் பட்டியலும் அதே மாதிரி மாறவேண்டும்.

வசதிதான், ஆனால் எல்லா நீதிமன்றமும் ஒத்துக்கொள்ளவில்லை. 1977-ல் டூகல் என்பவரின் டயசிபாம் (பதற்றத்துக்குக் கொடுக்கும் மாத்திரை) வழக்கில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் இதைத் தள்ளிவிட்டது. நாளைக்கு ஃபெடரல் அரசு எதைக் குற்றமாக்கினாலும், மாநில அமைப்பு சும்மா இருந்தாலே நம் மாநிலத்திலும் அது குற்றமாகிவிடும் என்று சட்டமன்றம் தன் அதிகாரத்தை ஒப்படைக்க முடியாது என்பது வாதம். அதனால் இப்போது சில மாநிலங்களில் சட்டமன்றமே ஒவ்வொரு பெயராகச் சேர்க்கிறது, சில இடங்களில் மருந்தியல் வாரியம், சில இடங்களில் சுகாதார ஆணையர். புதுச் செயற்கை போதைப்பொருள் ஒன்று சந்தைக்கு வந்தால் வாரியம் உள்ள மாநிலம் சீக்கிரம் அடைத்துவிடும், சட்டமன்றத்துக்குக் காத்திருக்கும் மாநிலம் அடுத்த கூட்டத்தொடர் வரை வேடிக்கை பார்க்கும்.

நம்மூரில் ஒரே பட்டியல் என்பது சரி, ஆனால் அங்கேயும் ஒரு சந்து இருக்கிறது. என்டிபிஎஸ் சட்டத்தின் கஞ்சா வரையறை செடியின் பூக்கும் நுனியைத்தான் பிடிக்கிறது, தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் வராது. அதனால்தான் பாங்கு மாநிலங்களின் கைக்குப் போனது, உத்தரப் பிரதேசத்தில் உரிமம் வாங்கிய பாங்குக் கடையே இருக்கிறது.

மருந்துக்கடை_மீனா

தஞ்சாவூர் அண்ணா, எண் சின்னதானால் ஆபத்து அதிகம் என்பது பாதிதான் சரி. ஷெட்யூல் 1 என்பதற்கு ஃபெடரல் சட்டம் மூன்று நிபந்தனை வைக்கிறது. தவறாகப் பயன்பட அதிக வாய்ப்பு, அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவப் பயன் இல்லை, மருத்துவர் கண்காணிப்பிலும் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியாது. 1-க்கும் 2-க்கும் இடையில் கோடு போடுவது மருத்துவப் பயன்தான். அதனால்தான் ஃபென்டனைல் என்கிற கடுமையான ஓபியாய்டும் கொகெய்னும் மெத்தாம்ஃபெடமினும் 2-ல் இருக்கின்றன, கஞ்சா 1-ல் உட்கார்ந்தது. (அதை 3-க்கு இறக்கலாம் என்று 2024 மே மாதம் ஃபெடரல் நீதி அமைச்சகம் வரைவு வெளியிட்டது.) சாராயமும் புகையிலையும் இந்தக் கணக்கிலேயே வராது, சட்டத்தின் வரையறையே அவற்றைப் பெயர் சொல்லி விலக்கிவிட்டது. இதை வைத்துக்கொண்டு ஆபத்தை அளக்க முடியுமா நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, ஒரே மூலக்கூறு மூன்று இடத்தில் இருக்கலாம். கோடின் மாத்திரை தனியாக என்றால் ஷெட்யூல் 2. பாராசிட்டமாலோடு சேர்ந்து, மாத்திரைக்கு 90 மில்லிகிராம் வரை என்றால் 3. நூறு மில்லியில் 200 மில்லிகிராமுக்கு மிகாத இருமல் சிரப் என்றால் 5. பெயரை மட்டும் வைத்து ஷெட்யூல் சொல்லாதீர்கள் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் தலைபாடாக அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

மாநிலங்களுக்குள் வந்தால் இன்னும் வேடிக்கை. சைலசின் என்று குதிரை, மாடுகளுக்குக் கொடுக்கும் மயக்க மருந்து, ஃபென்டனைலில் கலந்து விற்கிறார்கள் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஃபுளோரிடா 2016-லேயே அதை ஷெட்யூல் 1-ல் வைத்தது. ஒஹையோவும் பென்சில்வேனியாவும் 2023-ல் ஷெட்யூல் 3-ல் வைத்தன, கால்நடை மருத்துவர்களுக்கு அது தினமும் வேண்டும் என்பதால். மருந்து ஒன்றுதான், ஒரு மாநிலம் "மருத்துவப் பயன் இல்லை" என்கிற வரிசையில் வைக்கிறது, இன்னொன்று "பயன் உண்டு, பூட்டி வை" என்கிறது.

சார்லஸ்_நதிக்கரை

நான் மாசசூசெட்ஸ். எங்கள் ஊரில் ஷெட்யூல் 6 என்று ஒன்று உண்டு! 2 முதல் 5 வரை வராத, டாக்டர் சீட்டு தேவைப்படும் எல்லா மருந்தும் அதில் அடங்கும். கணக்குப்படி அமாக்ஸிசிலினும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் கூட எங்களுக்கு "கன்ட்ரோல்டு".

மருந்துக்கடை_மீனா

வர்ஜீனியாவிலும் 6 என்றால் அதுதான். அப்படியே எல்லையைத் தாண்டி வட கரோலினாவுக்குப் போங்கள், அங்கே ஷெட்யூல் 6 என்றால் கஞ்சா. எங்கள் டென்னசியிலும் ஆர்கன்ஸாவிலும் 6 கஞ்சாதான். டென்னசியில் 7 கூட உண்டு, ப்யூட்டைல் நைட்ரைட் என்கிற ஒரே ஒரு பொருளுக்காக. அதற்கு மட்டும் தனி அறை கட்டிக் கொடுத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

சார்லஸ்_நதிக்கரை

இன்னும் இருக்கிறது. எங்கள் சட்டத்தில், அதாவது 94சி அத்தியாயத்தில், தண்டனைக்கு ஷெட்யூலைப் பார்ப்பதே இல்லை. அதற்கு ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்பு தனியாக வைத்திருக்கிறார்கள். ஹெராயின் ஏ, கொகெய்னும் எல்எஸ்டியும் பி, கஞ்சா டி. பெரியவர்கள் ஒரு அவுன்ஸ் வரை கஞ்சா வைத்திருக்கலாம் என்று 2016-ல் மக்கள் வாக்களித்த பிறகும் டி வகுப்பில் அதன் பெயர் அப்படியே இருக்கிறது.

ஹூஸ்டன்_குமார்

இதைத்தான் சொல்ல வந்தேன். டெக்சாஸில் இரண்டு பட்டியல். ஷெட்யூல் என்பது சுகாதார ஆணையர் கையில். தண்டனைக்குப் பார்ப்பது "பெனால்டி குரூப்", அது சட்டமன்றத்தின் கையில். 1, 1-ஏ, 1-பி, 2, 2-ஏ, 3, 4 என்று போகும். ஹெராயின், கொகெய்ன், மெத் எல்லாம் 1. எல்எஸ்டிக்காகவே 1-ஏ. ஃபென்டனைலுக்காக 2021-ல் 1-பி வந்தது. கஞ்சா எந்தக் குரூப்பிலும் இல்லை, அதற்குத் தனிப் பிரிவு.

இங்கே நம் பிள்ளைகள் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. கஞ்சா இலை இரண்டு அவுன்ஸ் வரை, அதாவது 56 கிராம் வரை என்றால் பி வகுப்பு மிஸ்டிமீனர் (சிறு குற்றம்), அதிகபட்சம் 180 நாள் சிறை. ஆனால் அதே செடியிலிருந்து எடுத்த டிஹெச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) எண்ணெய், வேப் பேனாவில் போடுகிற அரை கிராம் கார்ட்ரிட்ஜ், பெனால்டி குரூப் 2. ஒரு கிராமுக்குக் கீழே இருந்தாலும் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம்தான், 180 நாள் முதல் இரண்டு வருடம் வரை. கொலராடோவுக்குச் சுற்றுலா போய்க் கடையில் ரசீதோடு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அங்கே கடையில் விற்கிறான், இங்கே கையில் வைத்திருந்தாலே ஃபெலனி. வேலை, படிப்பு, விசா மூன்றும் ஒரே நாளில் ஆட்டம் காணும்.

எடை போடுவதும் கொடுமை. கலப்படத்தையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள். அரை கிராம் கொகெய்னில் நாலு கிராம் சர்க்கரை கலந்திருந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது நாலரை கிராம். குரூப் 1-ல் ஒரு கிராமுக்குள் என்றால் அதிகபட்சம் இரண்டு வருடம், நாலு கிராமைத் தொட்டுவிட்டால் 2 முதல் 20 வருடம். எல்எஸ்டிக்கு மட்டும் இந்த எடைக் கணக்கு கிடையாது, துண்டுகளை எண்ணுவார்கள். காகிதத்தில் ஊறவைத்து விற்கிற பொருளைக் காகிதத்தோடு நிறுத்தால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்திருக்கிறார்கள்.

தஞ்சாவூரான்

கலப்படத்தோடு நிறுப்பது நம்மூரிலும் உண்டு குமார். 2008-ல் உச்ச நீதிமன்றம் சுத்தமான பொருளின் எடையை மட்டும் பார் என்றது. 2020-ல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலவை மொத்தத்தையும் பார் என்றுவிட்டது. ஹெராயினுக்கு 5 கிராமுக்குக் கீழே சிறிய அளவு, 250 கிராமுக்கு மேலே வணிக அளவு. மாவைக் கலந்தவனுக்கு மாவுக்கும் சேர்த்துத் தண்டனை. விற்கிறவன் கலப்படம் செய்துதானே விற்கிறான், அதனால் எனக்கு இதில் பெரிய அநியாயம் தெரியவில்லை.

ஹூஸ்டன்_குமார்

விற்கிறவனுக்குச் சரி. வாங்கி ஏமாந்தவனுக்கும் அதே தராசுதானே? கலப்படம் அதிகமான சரக்கை வாங்கியவனுக்கு அதிகத் தண்டனை, சுத்தமான சரக்கு வாங்கியவனுக்குக் குறைவு. இதில் என்ன நியாயம்?

நெறியாளர்

நியாய அநியாயத்துக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே பட்டியல் பற்றி மட்டும்.

போர்ட்லாந்து_ராதா

ஜலதோஷ மாத்திரைக் கதையைச் சொல்லாவிட்டால் இந்த இழை முழுமையாகாது. சூடோஎஃபெட்ரின், மூக்கடைப்புக்குப் போடுவது. அதிலிருந்து மெத் காய்ச்சுகிறார்கள் என்று ஃபெடரல் சட்டம் அதைக் கவுன்டருக்குப் பின்னால் வைத்தது, ஒரு நாளைக்கு 3.6 கிராம் என்று வரம்பும் வைத்தது. எங்கள் ஓரிகன் அதோடு நிற்கவில்லை. 2006-ல் ஷெட்யூல் 3-ல் போட்டு டாக்டர் சீட்டு கட்டாயம் என்றது. மூக்கடைப்புக்கு டாக்டரிடம் போ! ஆற்றைத் தாண்டினால் வாஷிங்டன் மாநிலம், வான்கூவரில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டு வருவோம். மெக்ஸிகோவிலிருந்து வேறு முறையில் காய்ச்சிய மெத் வந்து குவிந்த பிறகு சட்டத்தின் பயன் தேய்ந்துபோய், 2022 ஜனவரியில்தான் அதைத் தளர்த்தினார்கள்.

இதே ஓரிகன்தான் 2020-ல் வாக்கெடுப்பு வைத்து, சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு ஹெராயின் வைத்திருந்தாலும் அபராதச் சீட்டு மட்டும் என்றது. 2024 செப்டம்பரில் அது திரும்பக் குற்றமானது. இத்தனைக்கும் நடுவில் ஹெராயின் ஷெட்யூல் 1-ஐ விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. பட்டியல் வேறு, அதை வைத்து என்ன செய்கிறோம் என்பது வேறு.

அடையாறு_அனு

என் மாமியார் அடுத்த மாதம் நியூ ஜெர்சிக்கு வருகிறார். முதுகுவலிக்கு டிரமடால் சாப்பிடுகிறார். கொண்டு வரலாமா? இதைப் படித்ததும் பயமாகிவிட்டது.

மருந்துக்கடை_மீனா

பயப்படவேண்டாம், ஒழுங்காகக் கொண்டு வந்தால் போதும். டிரமடால் அமெரிக்காவில் 2014 ஆகஸ்ட் முதல் ஃபெடரல் ஷெட்யூல் 4. இந்தியாவிலும் 2018 ஏப்ரலில் என்டிபிஎஸ் பட்டியலில் ஏறிவிட்டது, ஆகவே இரண்டு பக்கமும் சாதா வலி மாத்திரை அல்ல. மாத்திரை அட்டையோடு, கடைச் சீட்டோடு, அவர் பெயரில் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தோடு வரட்டும். மருந்தின் மூலப்பெயரும் தினசரி அளவும் கடிதத்தில் இருக்கவேண்டும். தங்கும் காலத்துக்கு வேண்டியது மட்டும், கைப்பையில். சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லட்டும். உறவுக்காரர்களுக்கென்று கூடுதல் அட்டை எடுத்து வருவது நம்மவர்கள் வழக்கம், அதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அடுத்தவர் சீட்டு மருந்தைக் கையில் வைத்திருப்பதுதான் சட்டப்படி சிக்கல்.

கோர்ட்டுவாசல்

மாணவர் விசா, எச்-1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்த ஐம்பது பட்டியல் குழப்பம் நமக்கு மிகவும் கடிக்கிற இடம் இது.

குடியேற்றச் சட்டப்படி நாடு கடத்தக் காரணமாவது "ஃபெடரல் பட்டியலில் உள்ள பொருள்" தொடர்பான தண்டனை. தண்டிப்பதோ மாநிலம், தன் பட்டியலை வைத்து. இரண்டும் பொருந்தாவிட்டால்? 2015-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மெல்லூலி வழக்கு இதுதான். துனீசியாவிலிருந்து படிக்க வந்து கிரீன் கார்டு வாங்கியவர், கணிதம் கற்பித்தவர். கான்சஸில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடித்தபோது காலுறையில் நாலு மாத்திரை இருந்தது. காலுறையையே "போதைப்பொருள் சாதனம்" என்று வழக்குப் போட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார், நாடு கடத்தினார்கள். உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அதைத் தவறு என்றது. கான்சஸ் பட்டியலில் ஃபெடரல் பட்டியலில் இல்லாத பொருள் குறைந்தது ஒன்பது இருந்தது, மாநிலம் போட்ட குற்றச்சாட்டிலோ எந்தப் பொருள் என்றே எழுதவில்லை.

இன்னோர் உதாரணம், நம்மவர்களில் பலருக்குப் பழக்கமான ஊசி. குழந்தைப்பேறு சிகிச்சையில் கொடுக்கும் ஹெச்சிஜி ஹார்மோன். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அதை ஷெட்யூல் 3-ல் வைத்திருக்கின்றன, ஃபெடரல் பட்டியலில் கிடையாது. இந்த ஒரு ஹார்மோனால் நியூயார்க் விற்பனைச் சட்டம் ஃபெடரல் சட்டத்தைவிட அகலமானது என்று 2017-ல் ஹார்பின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, போதைப்பொருள் விற்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவருக்குக் குடியேற்றத்தில் வழி திறந்தது.

ஹூஸ்டன்_குமார்

அப்படியானால் மாநிலப் பட்டியல் நீளமாக இருந்தால் நமக்கு லாபமா?

கோர்ட்டுவாசல்

லாபம் என்று நம்பி யாரும் இறங்காதீர்கள். அது வருடக்கணக்கில் வக்கீல் பீஸ் கட்டிப் போராடிக் கிடைப்பது, மாநிலத்துக்கு மாநிலம் தீர்ப்பும் மாறும். மாட்டிக்கொண்டால் மாநில வக்கீல் "சின்ன மிஸ்டிமீனர்தான், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுங்கள்" என்பார். அந்த இடத்தில் நில்லுங்கள். 2010-ல் படில்லா வழக்கில், அதுவும் கென்டக்கியில் கஞ்சா பிடிபட்ட வழக்குதான், உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படலாம் என்று கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை. அதைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

சார்லஸ்_நதிக்கரை

எங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரி. இங்கே வாங்கினால் இந்தப் பிரச்சினை எதுவும் வராதுதானே?

கோர்ட்டுவாசல்

வரும். விசா, கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அதிகாரி பார்ப்பது ஃபெடரல் பட்டியலை. அங்கே தண்டனைகூட வேண்டாம், "ஆமாம், செய்தேன்" என்று முறைப்படி ஒப்புக்கொண்டாலே நுழைவை மறுக்கலாம். கேட்டால் பொய் சொல்வது தனிக் குற்றம். ஆகவே குடியுரிமை வரும்வரை அந்தக் கடைப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது, ரசீதையும் கடை வாசல் செல்ஃபியையும் போனில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதும்தான்.